கவன் கழற்றிக் கொடுத்த ரிப்பன்

அன்புள்ள ஐயா,

சாம் மானெக்‌ஷா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் குண்டடிபட்டுக் கிடந்தவருக்கு, மேலதிகாரி தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதின் ரிப்பனையே கழற்றிக் குத்தினார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி நினைத்த இடத்தில் விருது கொடுத்துவிட முடியுமா? அதுவும் தோற்றுப் பின்வாங்கிய போர். அதில் என்ன வீரம் என்று கேட்கிறான் என் நண்பன்.

ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

அன்புள்ள தம்பி,

முறைப்படி முடியாதுதான். அரசிதழில் அறிவிப்பு வந்தது 1942 ஏப்ரலில். அதுவரை பொறுக்க அந்த மேலதிகாரி டேவிட் கவனுக்கு மனம் வரவில்லை. காரணம் ஒரு விதி. இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் கொடுக்கும் வழக்கம் அன்று இல்லை. எதிரே கிடந்த 27 வயது கேப்டன் பிழைப்பான் என்று யாரும் நம்பவில்லை. உயிர் இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும். வெள்ளை, ஊதா, வெள்ளை என்று மூன்று கோடுகள் ஓடும் சின்னத் துணிப்பட்டை அது. கவன் முன்பு தானே போரிட்டுச் சம்பாதித்தது. அதைக் கழற்றி அந்தப் பையனுக்குக் குத்தியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்து உங்கள் நண்பரின் கேள்வி. ஜப்பானியர்கள் சாலையை நம்பி வரவில்லை. காட்டுக்குள் புகுந்து, பக்கவாட்டில் சுற்றி, பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே முளைத்தார்கள். 17வது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி இன்னும் கிழக்குக் கரையில். பின்வாங்க இருந்ததோ அந்த ஒரு ரயில் பாலம். அதைப் பார்த்தபடி நிற்கும் பகோடா குன்று எதிரி கைக்குப் போனால் பாலமும் போச்சு. பிப்ரவரி 22 அன்று அந்தக் குன்றின் மீதுதான் மானெக்‌ஷா தன் கம்பெனியை, அதாவது தன் கீழ் இருந்த படைப்பிரிவை, ஏற்றினார். பாதிப்பேர் சரிந்த பிறகும் குன்றைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றில் பாய்ந்தன.

மறுநாள் விடியலில், எதிரி கடந்துவிடாமல் இருக்கப் பாலத்தை நம்மவர்களே தகர்த்தது உண்மை. பிரிகேடுகள் எனப்படும் பெரும் படைப்பிரிவுகள் இரண்டு அக்கரையில் சிக்கின. பலர் மூங்கிலைக் கட்டி மிதந்தார்கள், நீந்தினார்கள், மூழ்கினார்கள். அந்த முடிவைக் குன்றில் ஏறியவர்கள் தலையில் சுமத்துவது நியாயமே இல்லை. பாலம் இருக்கும்வரை அதைக் காப்பது அவர்கள் வேலை. அதை ரத்தம் கொடுத்துச் செய்தார்கள்.

நான் அந்தக் கட்டுரையில் விட்டுவிட்ட ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். மானெக்‌ஷாவின் உதவிச் சிப்பாயாக இருந்த சீக்கிய ஆர்டர்லி. காயம்பட்ட அதிகாரியைத் தூக்கிச் சுமந்து மருத்துவரிடம் சேர்த்தவர் அவர்தான். இனித் தேறாது என்று கைவிரிக்கப் பார்த்த அறுவை மருத்துவர், என்ன ஆயிற்று என்று கேட்டாராம். “கோவேறு கழுதை உதைத்துவிட்டது” என்றாராம் மானெக்‌ஷா. அந்த நிலையிலும் கேலி பேசுகிறாரே என்று வியந்து, அதன் பிறகுதான் மருத்துவர் கத்தியை எடுத்தார் என்பார்கள்.

அதற்குப் பின் மானெக்‌ஷா 66 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971 போரில் ராணுவத் தலைமைத் தளபதி, பிறகு ஃபீல்டு மார்ஷல். 2008 ஜூன் 27 அன்று குன்னூரை அடுத்த வெலிங்டனில், 94 வயதில் காலமானார். ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். ஈரோட்டிலிருந்து அரைநாள் பயணம். நண்பரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள்.