வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம். மின்சாரம், தண்ணீருக்கான கட்டணம் ஏப்ரலில் மிகக் குறைவாக வந்தது. மே மாதத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பயன்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லாதபோது இது எப்படி நேர்ந்தது?

பதில்: தகுதிபெறும் வீவக குடும்பங்களின் மின்சார, தண்ணீர்க் கட்டணத்தைக் குறைக்க அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் மட்டுமே கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. ஆகவே, ஏப்ரலில் நீங்கள் பார்த்தது கழிவு போக மீந்த தொகையாக இருக்கக்கூடும். மே மாதத்தில் வந்ததுதான் உங்கள் வீட்டின் உண்மையான செலவு. இதை அறியாமல் ஏப்ரல் தொகையை நம்பி மாத வரவுசெலவைத் திட்டமிடும் குடும்பங்கள் அடுத்த மாதமே தடுமாறுகின்றன என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது.

இனிமேல் வெள்ளிக் (டாலர்) கணக்கைப் பார்ப்பதற்கு முன், எத்தனை கிலோவாட்-மணி மின்சாரமும் எத்தனை கன மீட்டர் தண்ணீரும் செலவாயின என்பதைப் பாருங்கள். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவிலிருந்து உற்பத்தியாவதால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படும் மின்கட்டண விகிதம் நம் கையில் இல்லை. பொருள், சேவை வரியும் 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. தண்ணீரின் விலை 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு, அந்த வரி சேராமல் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. நம்மால் குறைக்க முடிந்தது பயன்பாட்டை மட்டுமே. குளிர்சாதனத்தை 25 பாகையில் வைத்து மின்விசிறியையும் சுழலவிடுங்கள். குளித்து முடித்ததும் சுடுநீர்ச் சாதனத்தை அணைத்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டி பழையதாகிவிட்டால், வீவக குடும்பங்களுக்கு 2024இல் வழங்கப்பட்ட 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டில் (மின்சாரம், தண்ணீரைச் சேமிக்கும் சாதனங்கள் வாங்க உதவுவது) மீதம் உள்ளதா என்று பார்த்து, மின்சிக்கன முத்திரையில் அதிக ‘டிக்’ குறிகள் உள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு செடி வளர்ப்பதே என் பொழுதுபோக்கு. வீட்டு வாசலின் பொது நடைவழியில் கறிவேப்பிலை, துளசி, மிளகாய் வைத்திருக்கிறேன். வழியை அடைக்கிறேன் என்று பக்கத்து வீட்டார் குறைகூறுகிறார். செடிகளை எடுத்துவிட வேண்டுமா? (பிடோக் வாசகர்)

பதில்: எடுக்க வேண்டியதில்லை, ஐயா, ஒதுக்கி வைத்தால் போதும். தீ விபத்தின்போது ஆட்கள் தப்பிச் செல்வதற்கு நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். அளவு நாடாவுடன் பக்கத்து வீட்டாரையும் அழைத்து, இருவரும் சேர்ந்தே அளந்து பாருங்கள். தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், அதை ஒருநாள் விட்டு ஒருநாளாவது கொட்டிவிடுங்கள். கைப்பிடிச் சுவரின்மேல் எந்தத் தொட்டியையும் வைக்காதீர்கள். கறிவேப்பிலைக்கு நல்ல வெயில் தேவை. நடைவழியில் அது சோர்ந்து நின்றால், தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தின்கீழ் உங்கள் வட்டாரத்தில் சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே தரையில் வேர்விட்ட கறிவேப்பிலை மரமாகவே வளர்ந்துவிடும்; செடிகளைப் பற்றிப் பேசுவதற்கு ஆட்களும் கிடைப்பார்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாக மறைத்து வளர்த்த பூனையை இப்போது பதிவு செய்யலாமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: தாராளமாகச் செய்யலாம். வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கி, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை அனுமதிக்கப்பட்டன. பூனைக்கு மைக்ரோசிப் பொருத்தி, இணையத்தில் உள்ள செல்லப்பிராணி வளர்ப்புப் பாடத்தை முடித்து, உரிமம் பெற வேண்டும். இதற்கான இரண்டாண்டு இடைமாற்றக் காலம் 2026 ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. புறாவைக் கண்டு தாவும் பூனைகள் மேல்மாடியிலிருந்து விழுந்துவிடும் ஆபத்து இருப்பதால், சன்னல்களுக்கும் வாசற்கதவுக்கும் வலை அடிக்கும் வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.