அப்பாவுக்கு 80 ஆகப்போகுது, தம்பி இன்னொரு டாப்-அப் லோன் கேக்கறான்

கேள்வி: காட்பாடில இருந்து எழுதறேன் சார். அப்பா ஆர்மில நாயிப் சுபேதாரா ரிட்டயர் ஆனவர், வயசு 79, போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கை. பேசிக் பென்ஷன் 24,000. தம்பி கடைக்காக அப்பா பேர்ல பென்ஷன் லோன் எடுத்து ரெண்டு தடவ டாப்-அப்பும் (அதே லோன் மேல கூடுதல் கடன்) போட்டாச்சு, 13,000 இஎம்ஐ பென்ஷன்லயே புடிச்சிடறாங்க, இன்னும் 22 மாசம் இருக்கு. அட்டெண்டருக்கு 18,000, டயப்பர் அது இதுன்னு தனி. துண்டு விழறத நான் கிரெடிட் கார்ட்ல சமாளிக்கறேன். 80 ஆனா பென்ஷன் ஏறும், இன்னொரு டாப்-அப் போட்டுக்கலாம்ங்கறான் தம்பி. அட்டெண்டர் அலவன்ஸ் வாங்கித் தரேன்னு ஒருத்தர் வேற 5,000 கேக்கறார், குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு, ஆனா அது சர்வீஸ்னால வந்த ஊனத்துக்கு 100 சதவீதம் டிசபிலிட்டி பென்ஷன் வாங்கறவங்களுக்கு. ரிட்டயர் ஆகி இத்தன வருஷம் கழிச்சு வந்த ஸ்ட்ரோக்குக்கு கெடைக்காது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸும் ஆஸ்பத்திரி, மருந்தெல்லாம் பாத்துக்கும், வீட்டுக்கு வர்ற அட்டெண்டர் சம்பளத்துக்கு அங்க போய் நிக்க முடியாது.

அப்ப உங்களுக்கு உருப்படியா வரப்போறது அந்த 80 வயசு ஏத்தம் மட்டும்தான். பேசிக்ல 20 சதவீதம், அதாவது 4,800, அதுக்கு மேல டிஆரும் (பென்ஷனுக்கான அகவிலைப்படி) உண்டு, டிஆர் இப்ப 50 சதவீதத்துக்கு மேல ஓடுது, ஆக மாசம் 7,000த்துக்கு மேல. 85ல இது 30 சதவீதம் ஆகும். வயசான காலத்துல செலவு கூடும்னுதான் கவர்மென்ட் இத குடுக்குது, உங்க தம்பி அது வர்றதுக்கு முன்னாடியே அடகு வெக்கப் பாக்கறார்.

கணக்கு பாருங்க. இப்ப டிஆரோட சேத்து கைக்கு வரவேண்டியது சுமார் 37,000, இஎம்ஐ போனா 24,000. அந்த 13,000 மட்டும் இல்லன்னா உங்க கிரெடிட் கார்டுக்கு வேலையே இல்ல. அப்பாவோட வைத்தியத்துக்குன்னு நீங்க கார்டு தேய்க்கறதா நெனைக்கறீங்க, நிஜத்துல தேய்க்கறது தம்பி கடைக்கு, அதுவும் கார்டு வட்டில.

இதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, லோன் பேப்பர எடுத்து கியாரண்டர் யாருன்னு பாருங்க. பென்ஷன் லோன்ல பெரும்பாலும் மனைவிகிட்ட கையெழுத்து வாங்கியிருப்பாங்க. அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் இதுல சுமார் 60 சதவீதம்தான், டிஆரோட 22,000 வரும்னு வெச்சுக்கோங்க, ஆனா இஎம்ஐ அதே 13,000. மிச்சம் 9,000த்துல அந்தம்மா காலம் தள்ளணும், டாப்-அப் போட்டா அதுவும் கிடையாது. அதனால அம்மா இனிமே எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடக்கூடாது, தம்பி எவ்ளோ கோவிச்சுக்கிட்டாலும் சரி. கடைக்கு வாங்குன கடன கடைதான் கட்டணும். ஒண்ணாந்தேதி 13,000 அம்மா அக்கவுன்ட்டுக்கு வரட்டும், முழுசா முடியலன்னா 8,000ல ஆரம்பிக்கட்டும்.

ஏத்தம் வர்ற பணத்துல கியாரண்டீட் இன்கம் பாலிசி போடலாம்னு யாராவது ப்ரோஷரோட வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க. 80 வயசுக்காரருக்கு பத்து வருஷ லாக்-இன், என்னத்த சொல்ல.

இப்பவே பண்ண வேண்டிய வேலை, ராணுவ பென்ஷனுக்கான ஆன்லைன் தளமான ஸ்பர்ஷ்ல அப்பாவோட பொறந்த தேதி சரியா இருக்கான்னு பாக்கறது. தேதி தப்பா இருந்தா ஏத்தம் தானா வராது. அம்மா தேதியும் பாத்துடுங்க, ஃபேமிலி பென்ஷனுக்கும் 80ல இதே ஏத்தம் உண்டு. தப்பா இருந்தா டிஸ்சார்ஜ் புக்க எடுத்துக்கிட்டு வேலூர் முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல கேளுங்க. நவம்பர்ல லைஃப் சர்டிஃபிகேட்டுக்கு அப்பாவ தூக்கிட்டு அலைய வேணாம், போஸ்ட்மேன வீட்டுக்கே வரச் சொல்லலாம், இல்ல போன்லயே முகத்த காட்டி ஜீவன் பிரமாண் போட்டுடலாம்.

ஆங், ஏடிஎம் கார்டு இப்ப யார்கிட்ட இருக்கு? தம்பிகிட்ட இருந்தா வாங்கி அம்மாகிட்ட குடுங்க, பின் நம்பரையும் மாத்திடுங்க.