மலிவான மெஷினில் டிக் வெல்டிங் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் வேலை எனக்கு. கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று மலிவான டிக் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினேன். டங்ஸ்டன் முனையில் ஆர்க் என்ற மின்தீயை எழுப்பி, ஆர்கான் வாயுவின் காப்பில் உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை. என்னுடையது முனையைத் தகட்டில் உரசி ஆர்க்கை எழுப்பும் வகை, டி.சி. மட்டும், கால் பெடல் கிடையாது. மேல்பூச்சுள்ள ராடை உருக்கி ஒட்டும் சாதாரண ராடு வெல்டிங் ஓரளவு தெரியும். ஆனால் இதில் டங்ஸ்டன் முனை உருகி உருண்டையாகிறது, வெல்டு கருத்து நுரைத்துப் போகிறது. பழைய ஜி.ஐ. பைப்பில்தான் பழகுகிறேன். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். நண்பர்கள் விலை கூடிய மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? இதிலேயே அலுமினியமும் பழக முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். ஜி.ஐ. பைப்பின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். ஆர்க் பட்டதும் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பிரேக் கிளீனர் அதைவிட மோசம். அதில் சில வகைகளில் குளோரின் சேர்ந்த கரைப்பான் உண்டு. அந்த ஆவியில் ஆர்க்கின் சூடும் புற ஊதாக் கதிரும் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. உங்களுக்குச் சொல்ல யாருமில்லாமல் போனதில்தான் எனக்குக் கோபம். டப்பாவை இன்றே அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். அசிட்டோன் போதும். அதையும் எட்டத்தில் வைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் ஆர்க்.

உருண்டை விஷயம் சின்னது. ராடு வெல்டிங்கில் ஹோல்டரை பிளஸ்ஸில் மாட்டிப் பழகியிருப்பீர்கள். டிக்கில் டார்ச், அதாவது டங்ஸ்டனைப் பிடித்திருக்கும் கைப்பிடி, மைனஸில் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் சூட்டின் பெரும்பங்கு டங்ஸ்டனுக்கே போகிறது. 3422 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம்தான், ஆனாலும் தாங்காது. சிலிண்டரில் இருப்பது சுத்தமான ஆர்கானா என்றும் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு என்றால் டங்ஸ்டன் எரிந்தே போகும். அலுமினியத்துக்கு ஏ.சி. வேண்டும், உங்கள் மெஷினில் அது இல்லை. மறந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்' என்ற வரி. கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். துடைப்பது முடிந்த பிறகு வேலை ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறோம். டிக்கில் துடைக்கும்போதே வேலை பாதி நடந்துவிடுகிறது. ராடு வெல்டிங்கில் ராடின் மேல்பூச்சு உருகி, அழுக்கைக் கசடாக மேலே கொண்டுவந்துவிடும், சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம். டிக்கில் அந்த உதவி கிடையாது. ஆர்கான் காற்றைத் தள்ளி நிறுத்தும், அவ்வளவுதான். உள்ளே ஏற்கெனவே இருக்கும் அழுக்கை அது ஒன்றும் செய்யாது.

எனக்கு டிக் சொல்லித்தந்த பெரியவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பால் குழாய்களைப் பற்றவைத்தே வாழ்நாளைக் கழித்தவர். நான் போனதும் டார்ச்சைத் தரவில்லை, தீட்டச் சொல்லி டங்ஸ்டன் கம்பியைத் தந்தார். தீட்டிக் கொடுத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருவார். மறுபடி தீட்ட வேண்டும். பல நாள் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னார். தீட்டிய கோடுகள் கம்பியின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே வளையமாக விழுந்தால் ஆர்க் அலைபாயும். கூரின் நீளம் கம்பி விட்டத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு. அதற்கென்று ஒரு சக்கரம் தனியாக இருக்க வேண்டும், இரும்பு தேய்த்த சக்கரத்தில் டங்ஸ்டன் படவே கூடாது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அவர் இல்லை. கம்பியை வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

நீங்களும் அப்படியே ஆரம்பியுங்கள். இரண்டு மில்லிமீட்டர் எம்.எஸ். தகடு, அதாவது சாதாரண மைல்டு ஸ்டீல் தகடு எடுங்கள். அதன் மேல் நீலக் கறுப்பாக ஒரு தோல் இருக்கும், பளபளவென்று இருப்பதால் அதை இரும்பு என்றே நினைத்துவிடுவோம். அது ஆக்சைடு. மேலே, கீழே, விளிம்பில் எல்லாம் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தெடுங்கள். இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பியான ஃபில்லர் ராடையும் துடையுங்கள். அதை யாரும் துடைப்பதில்லை, அழுக்குக் கையுறையோடு எடுத்து நேரே உருகிய இரும்புக் குழம்புக்குள் விடுகிறார்கள்!

1.6 மில்லிமீட்டர் டங்ஸ்டன், 60 ஆம்பியர் வாக்கில் கரண்ட், நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் ஆர்கான். ஃபில்லர் இல்லாமல் வெறும் தகட்டில் ஆர்க்கைப் பிடித்து நில்லுங்கள். முனைக்கும் தகட்டுக்கும் நடுவே டங்ஸ்டனின் தடிமன் அளவுதான் இடைவெளி. சுத்தமான தகட்டில் உருகிய இரும்பு வட்டமாக, கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும். பக்கத்திலேயே தேய்க்காத இடத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். மேலே ஆடை மிதக்கும், பொறி தெறிக்கும், கொஞ்ச நேரத்தில் டங்ஸ்டன் முனையும் கறுக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்காமல் விலை கூடிய மெஷினை வாங்கினால், அதிலும் இதே கறுத்த வெல்டுதான் வரும்.

பெடல் இல்லாதது நிஜமான குறைதான். முடிக்கும்போது கரண்டை மெதுவாக இறக்க முடியாது. கடைசியில் குழி விழும், விரிசல் அங்கேதான் தொடங்கும். அதனால் முடிவில் ஒரு சொட்டு ஃபில்லர் கூடுதலாக விடுங்கள். ஆர்க்கை விலக்கி அணைத்ததும் டார்ச்சைத் திரும்பக் கொண்டுவந்து, சிவப்பு அடங்கும்வரை அந்த இடத்தில் ஆர்கான் படும்படி பிடியுங்கள். வால்வை அப்புறம் மூடலாம்.

கையில் காசு இருந்தால் மெஷினுக்குக் கொடுக்காதீர்கள். ஆர்கான், அசிட்டோன், தீட்டுவதற்கு நல்ல சக்கரம், ஸ்டெயின்லெஸ் வேலைக்கு மட்டுமென்று தனி பிரஷ் வாங்குங்கள். டங்ஸ்டனில் சிவப்பு அடையாளம் போட்டது தோரியம் கலந்தது, அதன் தூசியில் கதிரியக்கம் உண்டு. அதற்குப் பதிலாக லாந்தனம் கலந்ததை வாங்குங்கள்.

முனை குழம்பில் தொட்டுவிட்டால் அப்படியே தொடராதீர்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, கழற்றி, தீட்டித்தான் ஆக வேண்டும். ஒரு மாதம் கழித்து இரண்டு தகடுகளைச் சேர்த்து அதன் படத்தை அனுப்புங்கள். முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தை எடுத்து அனுப்புங்கள்.