அம்மாவின் கூன், மகளின் தோள்: எலும்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில்

மலையகத்தில் பிசியோதெரபிஸ்டாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறேன். எலும்பு, முள்ளந்தண்டு பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். அதிகம் பேர் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு 67 வயது. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். இப்போது கூன் விழுந்துவிட்டது. கூடை சுமந்ததால்தானே? (மஸ்கெலியா)

கூடைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீங்க தங்கச்சி. சுமை முதுகை வலிக்க வைக்கும், உண்மைதான். ஆனால் இந்த வயதுப் பெண்களுக்குக் கூன் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலும்பு மெலிவை. டொக்டர்கள் ஒஸ்டியோபொரோசிஸ் என்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலியும். மெலிந்த முள்ளந்தண்டு எலும்பின் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி ஆகிவிடும். முதுகு முன்னால் வளையும்.

நசுங்குவதும் எலும்பு முறிவுதான். அதற்கு விழவே வேண்டாம். குடத்தைத் தூக்கும்போதே நடந்துவிடும். இப்படிப்பட்ட முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு வைத்தியரிடம் வருவதே இல்லை. பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாள் மலைக்குப் போய்விடுகிறார்கள். ஒன்று நசுங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குள் இன்னொன்றும் நசுங்குகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் 'வயசு போச்சு, அப்படித்தான்' என்று விடக் கூடாது என்கிறேன்.

முழங்கால் வலி என்று ஓர் அம்மா வந்தார். சேலைக் கரை முழுக்கச் சேறு. "துணி நீண்டுபோச்சு மிஸ், எல்லாச் சேலையும் இழுபடுது" என்றார். துணி நீளவில்லை, அவர்தான் குட்டையாகியிருந்தார். எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன.

உங்கள் அம்மாவைச் சுவரில் முதுகு ஒட்ட நிற்கச் சொல்லுங்க. பின்தலை சுவரில் படவில்லை என்றாலோ, இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, முதுகு எக்ஸ்ரே பற்றி டொக்டரிடம் கேளுங்க. விழுந்த கூன் முழுதாக நிமிராது. ஆனால் அடுத்த எலும்பு நசுங்கும் வாய்ப்பை மருந்தால் நன்றாகக் குறைக்கலாம். வாரம் ஒன்றாக அலென்ட்ரோனேட் மாத்திரை தந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. பிளேன்டீயும் அதற்குப் பிறகுதான்.

பிளேன்டீ எலும்பை அரிக்குமா? (நுவரெலியா)

இல்லை. பயப்படாமல் குடிங்க. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், அதனால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

மகளுக்கு 13 வயது. ஒரு தோள் உயர்ந்திருக்கிறது. புத்தகப்பை காரணமா? (தலவாக்கலை)

பை முதுகை வலிக்க வைக்கும், பக்கவாட்டில் வளைக்காது. இந்த வயதில் வரும் பெரும்பாலான வளைவுக்குக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. மகள்மீதும் பழி இல்லை, உங்கள்மீதும் இல்லை.

இன்றைக்கே பாருங்க. கால்களைச் சேர்த்து, உள்ளங்கைகளைச் சேர்த்து, முழங்கால் மடியாமல் குனியச் சொல்லி, பின்னால் நின்று பாருங்க. ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் எக்ஸ்ரே தேவை. வில்லியம் அடம்ஸ் 1865இல் சொன்ன பரிசோதனை இது; இன்றும் இதைத்தான் செய்கிறோம். எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகைக்கு மேல் இருந்தால் ஸ்கோலியோசிஸ், அதாவது முள்ளந்தண்டின் பக்கவாட்டு வளைவு. சிறிய வளைவென்றால் சில மாதங்களுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டாலே போதும். 25 பாகையைத் தாண்டி, பிள்ளை இன்னும் வளர்கிறாள் என்றால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் போடும் தாங்குபட்டை, போட வேண்டிவரும். 2013இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க, கனடிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 வீதமானோருக்கு வளைவு 50 பாகையை எட்டவில்லை. போடாதவர்களில் அது 48 வீதம். பிரேஸ் போட்டவர்களை நாளுக்கு 18 மணி நேரமாவது போடச் சொல்லியிருந்தார்கள். எண்ணெய் போட்டு உருவுவதால் வளைவு நிமிராது.

இன்னொன்று. பெரியபிள்ளை ஆனபின் மகளின் முதுகை அம்மாவே பார்ப்பதில்லை. வளைவு வேகமாகக் கூடுவதும் அந்த வளரும் காலத்தில்தான்.

பால்மா வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? (பண்டாரவளை)

நெத்தலியை முள்ளோடு கொடுங்க. ரொட்டிக்கு கோதுமை மாவோடு பாதி குரக்கன் மா சேருங்க. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. வேலியோர முருங்கைக் கீரையும் எள்ளும் நல்லவை. அப்புறம் ஓட விடுங்க, குதிக்க விடுங்க. எலும்பின் பலத்தில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடும்.

கை முறிந்தால் கட்டு வைத்தியரிடம் போகலாமா? (ஹட்டன்)

முதலில் எக்ஸ்ரே எடுங்க. யார் கட்டினாலும் விரல் நீலமானால், மரத்தால், வலி கூடிக்கொண்டே போனால் கட்டைத் தளர்த்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, இரவானாலும்.

அம்மாவுக்கு முதுகெலும்பு நசுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இனி படுக்கையிலேயே வைத்திருக்கலாமா? (பொகவந்தலாவை)

வேண்டாம். நாட்கணக்கில் படுத்தே இருந்தால் எலும்பும் தசையும் இன்னும் மெலியும். வலி தணிந்ததும் லயத்து வாசலில் நடக்க விடுங்க. வாசற்படியில் பாசி இருந்தால் தேய்த்துக் கழுவிவிடுங்க. குனிந்து தூக்குவதை மட்டும் தடுங்க. தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போய்த்தான் ஆவேன் என்று நின்றால், குடத்துக்குப் பதில் இரண்டு சின்னப் போத்தல்களைக் கைக்கு ஒன்றாகக் கொடுங்க.