புதிய மாநகர் மன்ற உறுப்பினருக்கு எது பயிற்சி?

வணக்கம் ஐயா. மலேசியாவின் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்குப் புதிதாக நியமனம் பெற்ற தாங்கள், இரண்டு நாள் தலைமைத்துவப் பயிலரங்கில் ஊக்க உரைகளை மட்டுமே கேட்டதாகவும், முதல் கூட்டத்தில் வரவு செலவு ஆவணம் விளங்காமல் வாய்மூடி அமர்ந்திருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். மேடைப்பேச்சுப் பயிற்சியைத் தலைமைத்துவம் என்று அழைக்கும் பழக்கத்தின் விளைவுதான் அது.

முதலில் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தை, அதாவது சட்டம் 171ஐ, வாசியுங்கள். ஒரு நியமனக் காலம் மூன்றாண்டுகளை மீறக்கூடாது என்பதும், தீர்மானத்தால் விலக்கினாலொழிய மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்பதும் அதில் உள்ளன. கட்டடம், வடிகால் பற்றிய புகார்களுக்குச் சாலை, வடிகால், கட்டடச் சட்டமான சட்டம் 133ஐயும், திட்ட அனுமதிக்கு நகர, கிராமத் திட்டமிடல் சட்டமான சட்டம் 172ஐயும் பார்க்க வேண்டியிருக்கும்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் 1951இலேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டதால், இன்று தங்களைத் தட்டிக் கேட்கும் வாக்காளர் எவருமில்லை. ஆகவே, கேள்வி கேட்கும் பொறுப்பைத் தாங்களே ஏற்க வேண்டும்: தீவின் ஜெலுத்தோங் பகுதியில் அடைபட்ட ஒரு சாக்கடை குறித்த புகாரைத் தேர்ந்தெடுத்து, அது எந்தப் பிரிவுக்குச் செல்கிறது, எந்த ஒதுக்கீட்டிலிருந்து செலவாகிறது, குத்தகையாளரின் வேலையை யார் சரிபார்க்கிறார் என்று இறுதிவரை பின்தொடருங்கள். அந்த ஒதுக்கீட்டை வரவு செலவு ஆவணத்தில் தேடிக் கண்டுபிடித்தாலே, அடுத்த கூட்டத்தில் எழுப்புவதற்குத் தங்களிடம் ஒரு கேள்வி இருக்கும்.