எம்டன் கேப்டன் முல்லர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதல் உலகப் போரின்போது 1914-இல் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு எழுதியிருந்தோம். நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

தூத்துக்குடி வாசகர்: அண்ணாச்சி, எம்டன் நம்ம தூத்துக்குடி வரைக்கும் வந்துட்டுப் போச்சுன்னு எங்க தெருவுல பெரியவங்க சொல்லுவாவ. நெசமா?

வரவில்லை. செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிவிட்டுத் தெற்கே இறங்கிய கப்பல், இலங்கையைக் கிழக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு 25-ஆம் தேதி கொழும்புக்குப் போகும் பாதையில் நின்றது. மன்னார் வளைகுடாவுக்குள் அது நுழைய வேண்டிய அவசியமே இல்லை. ராமர் சேதுப் பக்கம் ஆழம் போதாது என்பதால், கல்கத்தாவிலிருந்து ஏடன் போகிற நீராவிக் கப்பல் எதுவானாலும் இலங்கையின் தென்முனையைச் சுற்றி லட்சத்தீவுப் பக்கமுள்ள மினிக்காய் தீவை நோக்கித்தான் போயாக வேண்டும். அந்தப் பாதையில் காத்திருந்தால் கப்பல்கள் தாமாக வந்து சிக்கும். அக்டோபர் நடுவில் மினிக்காய் அருகே சில நாட்களுக்குள் கிளான் கிரான்ட், பென்மோர், ட்ராய்லஸ், சில்கானா என்று வரிசையாகப் பிடிபட்டது அதனால்தான்.

தென்காசி வாசகர்: ஒத்தைக் கப்பல், பக்கத்தில் சொந்தத் துறைமுகம் கிடையாது. இரண்டு மாதம் எப்படித் தாக்குப்பிடித்தது?

எம்டன் கதையில் முக்கியமான கேள்வியே இதுதான். பீரங்கிச் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிலக்கரியை மறந்துவிடுகிறார்கள். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் ஒவ்வொரு நாளும் முதலில் போட்ட கணக்கு நிலக்கரிக் கணக்குத்தான்.

எம்டனில் கரி எரிக்கும் கொதிகலன்கள் 12. அறைகளை முழுக்க நிரப்பினால் சுமார் 790 டன் பிடிக்கும். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் நிதானமாகப் போனால் அதைக்கொண்டு 3,700 கடல் மைல் சொச்சம் ஓடலாம். முழு வேகமான 23, 24 நாட்டுக்கு முடுக்கினால் கரி சில நாட்களில் காலியாகிவிடும். அதனால் துரத்தும்போதும் ஓடி மறையும்போதும் மட்டுமே வேகம். மற்ற நேரமெல்லாம் நடை.

ஆகஸ்ட் 13 அன்று பசிபிக்கிலுள்ள பகான் தீவில் ஜெர்மன் கடற்படைப் பிரிவின் தளபதி ஸ்பே, எம்டனை மட்டும் தனியே பிரித்து இந்துமாக்கடலுக்கு அனுப்பினார். கூடவே மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலையும் கொடுத்தார். அதன்பிறகு தேவைப்பட்டதெல்லாம் எதிரியிடமிருந்து எடுத்ததுதான். செப்டம்பர் 10 அன்று வங்காள விரிகுடாவில் பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் அகப்பட்டது. அதில் இருந்தது பிரிட்டிஷ்காரர்களுக்காக ஏற்றிய இந்தியக் கரி. கரி என்று கிடைத்ததே தவிர, அதில் பெரிய தொல்லை இருந்தது. அந்தக் கரி எரிந்தால் கறுத்த புகை தொடுவானம் வரைக்கும் தெரியும். அடுப்பில் சாம்பல் கட்டிபிடித்து, குழாய்களில் கரிப்பிசின் அடைத்து, ஆவி அழுத்தம் இறங்கும். ஒளிந்து திரிகிற கப்பலுக்கு இரண்டுமே ஆபத்து. செப்டம்பர் 27 அன்று ப்யூரெஸ்க் என்ற கப்பல் 6,000 டன்னுக்கு மேல் வேல்ஸ் நாட்டுக் கரியோடு சிக்கியபோதுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. வேல்ஸ் கரி சுத்தமாக எரியும், புகை குறைவு, சூடு அதிகம்.

நடுக்கடலில் கரி மாற்றுவது சாதாரண வேலை இல்லை. இரண்டு கப்பலையும் பக்கவாட்டில் அணைத்துக் கட்ட வேண்டும். அலை தூக்கும்போது ஒன்றோடொன்று இடித்து ஓரத் தகடுகள் நெளியும். பீரங்கிகளுக்காக வெளியே புடைத்திருக்கும் பகுதிகள் முதலில் அடிவாங்கும். இடையில் பாய், கயிற்றுச் சுருள் என்று கிடைத்ததையெல்லாம் தொங்கவிட்டார்கள். கரியை மூட்டை மூட்டையாகக் கட்டி ஏற்றினார்கள். வெப்பமண்டல வெயிலில் கரித்தூசிக்குள் நின்று செய்த வேலை அது. அறை நிரம்பினால் மேல்தளத்திலும் குவித்து வைத்தார்கள். அப்படிக் குவித்தால் பீரங்கிக்குப் பக்கத்தில் நடக்கவே வழியிருக்காது. ஆகவே, கரி ஏற்றி முடித்த கையோடு சண்டை வந்துவிடக் கூடாது என்பதும் முல்லரின் கணக்கில் சேரும்.

அக்டோபர் 9 அன்று டீகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்கு எட்டவில்லை! ஒரு பக்கத் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிக் கப்பலைச் சாய்த்து, அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டினார்கள். அவை ஒட்டிக்கொண்டால் அதே கரிக்கு வேகம் குறைந்துவிடும். தீவுக்காரர்களின் பழுதான மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வள்ளியூர் வாசகர்: செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்துதான் சென்னையில் குண்டு போட வைத்தார் என்கிறார்களே?

நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் வந்த செண்பகராமனின் பெருமைக்கு இந்தக் கதை தேவையில்லை. 1914 நடுவில் அவர் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இந்திய விடுதலைக்காக அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார். பிறகு பெர்லின் போனார். எம்டனோ போர் தொடங்கும்போது சீனக் கரையில் சிங்டாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது. அங்கிருந்து பசிபிக் வழியாக இந்துமாக்கடலுக்கு வந்தது. நடுவில் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் ஏறிக்கொள்ள வழியே இல்லை. பெர்லினில் அவர் செய்த வேலைகள் சான்றோடு இருக்கின்றன, அவற்றைச் சொல்லுவோம்.

சங்கரன்கோவில் வாசகர்: முல்லர் நல்ல மனுசன், பொதுமக்களைத் தொடவே இல்லை என்கிறார்கள். சரியா?

பாதி சரி. வணிகக் கப்பலைப் பிடித்தால் அவர் வைத்திருந்த முறை இது: நிறுத்தச் சொல்லிச் சைகை, படகில் ஆட்களை அனுப்பிக் காகிதங்களைப் பார்ப்பது, மாலுமிகள் அத்தனை பேரையும் இறக்கிய பிறகே கப்பலை மூழ்கடிப்பது. இறக்கிய ஆட்களை, மூழ்கடிக்காமல் விட்டுவைத்த ஏதாவதொரு கப்பலில் சேர்த்து அனுப்பிவிடுவார். கபிங்கா அப்படித்தான் தப்பியது. அதில் இருந்த சரக்கு நடுநிலை நாடான அமெரிக்காவுக்குச் சொந்தமானது. மொத்தம் 16 பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தும், அந்த மாலுமிகளைப் பத்திரமாக அனுப்பினார் என்பதால் பகைவர் நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

சென்னையில் இரவு ஒன்பதரை மணி போல, கரையிலிருந்து சுமார் 3,000 கெஜ தூரத்தில் நின்று, தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தார். அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. நகரில் விளக்குகள் அணைக்கப்படாமல் இருந்தது அவருக்கு வசதியாகிவிட்டது. ஆனாலும் சில குண்டுகள் தப்பின. துறைமுகத்தில் நின்ற சூப்ரா கப்பலிலும் விழுந்தன. உயிரிழப்பு ஏற்பட்டது.

அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்கில் நடந்ததையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. மரச்சட்டத்தில் கித்தானைக் கட்டி நான்காவது ஒன்றைப் பொய்யாக நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் யார்மத் போலக் காட்டி உள்ளே நுழைந்தார். நங்கூரமிட்டு நின்ற ரஷ்யக் கப்பல் ஷெம்சுக் மீது டார்பிடோ விட்டார். தூக்கத்திலிருந்த மாலுமிகள் 80 பேருக்கு மேல் செத்தார்கள். போர்ச் சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் கனவான் கேப்டன் என்று சொல்லும்போது இந்தச் சாவுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: அப்படிப்பட்ட கேப்டன் சிட்னி கப்பலிடம் எப்படித் தோற்றார்?

நவம்பர் 9 காலை, இந்துமாக்கடலில் கோகோஸ் தீவுகளிலுள்ள டைரக்‌ஷன் தீவின் தந்தி நிலையத்தை உடைக்க, எம்டனின் துணை அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கே தலைமையில் 50 பேர் போல இறங்கினார்கள். கம்பியில்லாத் தந்திக் கோபுரத்தைச் சாய்க்கும்போது, எங்கள் டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தார் கேட்க, அப்படியே செய்து கொடுத்தார்கள். ஆனால் கோபுரம் சாய்வதற்கு முன்பே, அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தி பறந்துவிட்டது. சுமார் 50 மைலில் ஆஸ்திரேலியப் படைக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி திரும்பி வந்தது. தூரத்தில் புகை தெரிந்ததும் எம்டனில் இருந்தவர்கள் நாம் பிடித்து வைத்திருக்கும் கரிக்கப்பல் ப்யூரெஸ்க்தான் வருகிறது என்று நினைத்தார்கள். இறங்கியவர்களை ஏற்றிக்கொள்ள நேரமில்லை.

எம்டனின் பீரங்கி 10.5 செ.மீ., குண்டு 17 கிலோ போல. சிட்னியின் பீரங்கி 15.2 செ.மீ., குண்டு 45 கிலோ. வேகமும் சிட்னிக்கு அதிகம். தொடக்கத்தில் எம்டன் நன்றாகச் சுட்டு, சிட்னியின் தூரம் அளக்கும் கருவியையே அடித்துவிட்டது. அதற்குப் பிறகு சிட்னியின் கேப்டன் கிளாசப், தன் குண்டு எட்டும், எதிராளியின் குண்டு எட்டாது என்ற தூரத்துக்கு விலகி நின்று அடித்தார். பீரங்கி இயக்கத் தெரிந்தவர்களில் பலர் தீவில் இருந்ததும் பெரிய குறை. கடைசியில் முல்லர் கப்பலை வட கீலிங் தீவின் பவளப்பாறையில் மோத விட்டார். எம்டனில் செத்தவர்கள் 134, சிட்னியில் 4.

நாங்குநேரி வாசகர்: பிறகு முல்லர் என்ன ஆனார்? பதக்கம் கிடைத்ததா?

முதலில் மால்ட்டாவில் கைதி. 1916-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1917-இல் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி இருபது பேர் போலக் கூட்டிக்கொண்டு தப்பினார், பிடிபட்டார். ஆப்பிரிக்காவில் இளம் அதிகாரியாக இருந்தபோது பிடித்த மலேரியா அவரை விடவே இல்லை. அதனால் 1918-இல் சிகிச்சைக்காக நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். இரும்புச் சிலுவை ஏற்கெனவே கிடைத்திருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஜெர்மனியின் உயரிய போர் விருதான பூர் லெ மெரிட்டும் கிடைத்தது. 1919-இல் ஓய்வு. பிரவுன்ஷ்வைக் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1923 மார்ச் 11 அன்று 49 வயதில் காலமானார்.

திருச்செந்தூர் வாசகர்: சென்னையில் இதற்கு அடையாளம் ஏதாவது பார்க்க முடியுமா?

உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயில் பிடித்து கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம்தான். உள்ளே போகவே வேண்டாம். ராஜாஜி சாலைப் பக்கமிருந்தே படிக்கலாம்.