நமக்கெதுக்கு இதெல்லாம்?

‘மனிதன் சுதந்திரமானவன்தான், அவனுக்கு இருக்கும் தடைகளில் பெரும்பாலானவை அவனே போட்டுக்கொண்டவை என்கிறார்களே, இது சரியா? சரியென்றால் அதிலிருந்து எப்படி வெளியே வருவது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல தடைகள் நம் மனசுக்குள்தான் இருக்கின்றன, சரி. ஆனால் அவற்றை நாமே போட்டுக்கொண்டோம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன வேலிக்கு நாம் காவல் இருக்கிறோம், அவ்வளவுதான். ‘மனசு வெச்சா எல்லாம் முடியும்’ என்கிற பேச்சு ஓரளவுக்கு மேல் உதவாததற்கும் இதுதான் காரணம். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். 1990-களின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எழுத்தறிவு கொடுப்பதுதான் நோக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் நாலு இடம் போய்வர முடியாமல் கிடப்பது அவர்களுடைய தைரியத்தையே தின்றுவிடுகிறது என்று அவர் நினைத்தார். அதனால் அ, ஆவன்னாவோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்தபின் பக்கத்து ஊருக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டுத் திரும்ப வேண்டிய தொண்டர்களைக் கேட்டால் பதில் தெரிந்திருக்கும். பஸ் இல்லாத ஊர்கள் எத்தனையோ!

என் அம்மாவும் அதில் படித்தவர்தான். அவருக்கு அப்போது இருபதுகளில் வயது, நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஏன் சைக்கிள் ஓட்டவில்லை என்று ஒருமுறை கேட்டேன். யாரும் தடுக்கவில்லை என்றார். சட்டம் தடுக்கவில்லை, ஊர்க்கூட்டம் போட்டு யாரும் கட்டுப்பாடு விதிக்கவில்லை. தாத்தாவின் சைக்கிள் எந்நேரமும் திண்ணையில்தான் சாய்ந்து கிடக்கும். அம்மா அதைத் துடைப்பாராம், காற்று இறங்கியிருந்தால் அண்ணன்மாரிடம் சொல்வாராம், ஏறி உட்கார மட்டும் தோன்றியதே இல்லையாம். “நமக்கெதுக்கு இதெல்லாம்னு இருந்துட்டோம்” என்றார். பையன்கள் சின்ன வயதிலேயே வாடகைக் கடையில் அரை சைக்கிள் எடுத்துச் சுற்றுவார்கள், அது கிடைக்காதபோது பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் போடுவார்கள். அம்மாவுக்கு அதைப் பார்த்து ஏக்கம்கூட வந்ததில்லை. ஒரு தடை முழுசாக வேலை செய்கிறது என்பதற்கு அந்த ஏக்கமின்மையைவிட வேறு அடையாளம் இல்லை என்று நினைக்கிறேன். ஏக்கம் இருந்தால் என்றைக்காவது உடைத்துவிடுவோமே.

கற்றுக்கொள்ளக் கூப்பிட்டபோதும் பெண்கள் உடனே வந்துவிடவில்லை. கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், “விழுந்து கை ஒடிஞ்சா யாரு கஞ்சி ஊத்துறது?” என்ற கேள்வி. இதை மனத்தடை என்று தள்ளிவிடக் கூடாது. கூலிக்குப் போகிறவருக்குக் கை ஒடிந்தால் அன்றைக்கே அடுப்பு எரியாது. மனத்தடை என்று நாம் பெயர் வைக்கிற பலவற்றைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் இப்படி ஒரு நியாயமான கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லாமல் “பயப்படாதே” என்று மட்டும் சொல்வது அநியாயம்.

எங்கள் ஊரில் கண்மாய்க்கரைப் பக்கம் பள்ளிக்கூடத்துத் திடலில்தான் பழகியிருக்கிறார்கள். சேலைக் கொசுவத்தை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வார்கள், இல்லையென்றால் செயினில் மாட்டிக்கொள்ளும். ஒருத்தி ஏறி உட்கார, இன்னொருத்தி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடுவாள். “பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்” என்று கத்திக்கொண்டே கையை எடுத்துவிடுவாளாம். மிதிக்கிறவளுக்குக் குரல் தூரத்தில் கேட்கும்போதுதான் தனியாக ஓட்டுகிறோம் என்பதே தெரியும். தெரிந்ததும் விழுவாள். பிறகு அவள் கேரியரைப் பிடிக்க, மற்றவள் ஏறுவாள். கிண்டல் செய்த ஆண்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருத்தி போனால்தான் கிண்டல் எடுபடும்; நாற்பது பேர் வரிசையாகப் போகும்போது யாரைப் பார்த்து என்ன சொல்வது?

1992 மகளிர் தினத்தில் 1500-க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். மாவட்டம் முழுக்கக் கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று அப்போது கணக்கிட்டார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் என்று அர்த்தம். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்குக் கலெக்டர் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம் என்று அதுவே வசதியாகப் போய்விட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் விளைச்சலை நாலு ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் ஓட்டினார்கள், அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓட்டினார்கள்.

என் அம்மாவின் மனசு மட்டும் மாறியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? நடந்திருக்காது. கூட நாலு பேர் இருந்தார்கள், விழுவதற்கு ஒரு திடல் இருந்தது, ஓட்ட வண்டி கிடைத்தது, மேலே ஒரு அதிகாரி பக்கபலமாக நின்றார். மனசு அதற்கப்புறம்தான் மாறியது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒரு தடையை உடைக்க நினைக்கிறீர்களா? உங்கள் மன உறுதியை அளந்துகொண்டு உட்காராதீர்கள். அதே தடையில் நிற்கும் இன்னும் இரண்டு பேரைத் தேடுங்கள், விழுந்தால் சேதம் குறைவாக இருக்கிற ஓர் இடத்தைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தடையை உடைப்பது என்றால் அப்புறம் அந்தக் காரியத்தைச் செய்தே தீர வேண்டும் என்று இல்லை. என் அத்தையும் அதே திடலில்தான் கற்றுக்கொண்டார், அம்மாவைவிட நன்றாகவே ஓட்டினாராம். கொஞ்ச நாளில் விட்டுவிட்டார். “எனக்கு நடந்து போறதுதான் புடிச்சிருக்கு, நாலு பேரோட பேசிக்கிட்டே போலாம்” என்பார். கற்றுக்கொள்வதற்கு முன்னாலும் நடந்தார், பிறகும் நடந்தார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. விரதம் இருப்பவரும் பஞ்சத்தில் கிடப்பவரும் பட்டினிதான், ஆனால் முதலாமவருக்குச் சாப்பிடும் வாய்ப்பு இருக்கிறது என்று பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் காட்டும் வித்தியாசம் இதுதான். நாமாக வைத்துக்கொள்ளும் எல்லை என்று நான் ஒத்துக்கொள்வது அத்தையுடையதை. மது வேண்டாம், கடன் வேண்டாம், ராத்திரி பத்துக்கு மேல் போன் வேண்டாம் என்பவையும் இந்த ரகம்தான். தாண்டத் தெரிந்தும் தாண்டாமல் நிற்பவர்களுக்கு அறிவுரை தேவையில்லை.

ஒரு தடை உடைந்ததால் எல்லாம் உடைந்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அத்தனை தூரம் சைக்கிள் மிதித்த அம்மா, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு பசித்தாலும் தனியாக ஹோட்டலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். பசியோடு வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார். கையில் காசு இருக்கும், அப்பாவும் ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்டால் அதே “நமக்கெதுக்கு”தான். போன மாதம் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அத்தை, “அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நானும் வர்றேன், ரெண்டு பேரும் உள்ள போயி ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சாப்பிடுவோம்” என்றார். அம்மா சரி என்றிருக்கிறார்.